பேரப்பிள்ளைகளுடன் ஒரு கோட்டை

கேள்வி: கோடையில் லண்டனில் உள்ள மகன் வீட்டுக்குப் போகிறோம். 6, 9 வயதுப் பேரப்பிள்ளைகளுடன் ஒரே நாளில் பார்த்துத் திரும்ப ஒரு கோட்டை சொல்லுங்கள். எனக்கு முழங்கால் வலி உண்டு. – ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: போடியம் கோட்டைக்குப் போங்கள், அம்மா. இங்கிலாந்தின் தென்கிழக்கே, கிழக்கு சசெக்ஸ் மாவட்டத்தில் இருக்கிறது. அரண்மனை மாளிகைகளில் ‘தொடாதே’ என்று சொல்லியே பிள்ளைகளை வாட வைத்துவிடுவோம். இங்கே அந்தத் தொல்லை இல்லை. உள்ளே கூரையே கிடையாது, ஓடித் திரியலாம்.

1385இல் எட்வர்ட் டாலிங்ரிக் என்ற வீரர், இரண்டாம் ரிச்சர்ட் மன்னரிடம் அனுமதி பெற்றுக் கட்டியது. நாற்புறமும் அகழி, தண்ணீரில் கோட்டை தலைகீழாகத் தெரியும்போது என் பேத்தி பேச்சற்று நின்றாள். வாயிலில் அண்ணாந்து பாருங்கள்: இரும்புப் பட்டை அடித்த பழைய மரத் தடுப்புக்கதவு இன்னும் தொங்குகிறது. தளங்கள் இடிந்துவிட்டதால் கணப்பு அடுப்புகள் மட்டும் சுவரின் நடுவே அந்தரத்தில் நிற்கும். தென்மேற்குக் கோபுரத்துக்குள் ஒரு கிணறு! முற்றுகை நாளில் தண்ணீருக்கு வெளியே போக வேண்டாமே.

நம் நாட்டில் வைஸ்ராயாக இருந்து தாஜ்மகாலைப் பழுதுபார்த்த கர்சன்தான் இதையும் வாங்கிச் சீராக்கினார். 1925இல் அவர் இறந்தபோது பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்குச் சேர்ந்தது.

கோபுரத்தின் சுழல் படிகள் குறுகலானவை, தயவுசெய்து ஏற வேண்டாம். மகன் பிள்ளைகளை அழைத்துச் செல்லட்டும். நீங்கள் அகழிக்கரைப் புல்வெளியில் புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து வையுங்கள். டென்டர்டன் என்ற ஊரில் இருந்து போடியத்துக்கு நீராவி ரயில் ஓடுகிறது. ஓடும் நாட்களை மகனிடம் முன்பே பார்க்கச் சொல்லுங்கள்.