சொல்லலாம் தம்பி, அவன் சொல்வதைக் கேட்ட பிறகு

கேள்வி: "நான் சபையில் வளர்ந்தவன். கல்லூரி விடுதியில் என் அறைத்தோழன் கடவுள் மறுப்பாளன். என் விசுவாசத்தை அவனிடம் சொல்வது என் கடமையா, இல்லை அவனுக்குத் தொல்லையா?"

சொல்லலாம் தம்பி. சொல்லத்தான் வேண்டும். ஆனால் அவன் ஏன் கடவுள் வேண்டாம் என்றான் என்பதை முதலில் அவன் வாயாலேயே கேட்டுவிடுங்கள். கேட்காமல் சொல்லப் போய் நான் செய்த தவறு ஒன்று உண்டு. கேட்ட பிறகு நடந்ததும் ஒன்று உண்டு. இரண்டையும் எழுதுகிறேன்.

நான் நாகப்பட்டினத்துக்காரன். பாட்டன் காலத்திலிருந்து லுத்தரன் சபைக் குடும்பம். எங்கள் பக்கத்தில் நாத்திகர் என்றால் எங்கேயோ தூரத்தில் இருப்பவர் இல்லை. டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கறுப்புச் சட்டைக்காரர், அல்லது விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் ஆயுள் முழுக்க ஓடிய சிவப்புத் துண்டுக்காரர். தன் அப்பனைக் கோயிலுக்குள் விடாததைச் சின்ன வயதில் பார்த்தவர்கள் அவர்களில் நிறைய. நாம் மட்டும் என்ன ஒழுங்கு? தரங்கம்பாடி, தஞ்சாவூர் சபைகளில் ஒரே ஆலயத்துக்குள் சாதிக்குத் தனி இடம் போட்டு உட்கார்ந்த காலம் உண்டு. அதுவும் அவர்களுக்குத் தெரியும். ஆகவே அவர்கள் "இல்லை" என்று சொல்லும்போது அதை அறியாமை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் அவர்கள் கண்ணால் பார்த்தது நிறைய இருக்கிறது.

எங்கள் தெருவில் அப்படி ஒருவர். தெருவே அவரைத் தோழர் என்றுதான் கூப்பிடும், நானும் அப்படியே.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். காலை ஆராதனைக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது தெருவில் ஜனம் ஓடி வந்தது. கடல் உள்ளே வந்துவிட்டது என்றார்கள். நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். வேளாங்கண்ணிக்குப் பண்டிகைக்காக வந்திருந்த யாத்திரிகர்களும் கடற்கரையிலேயே போனார்கள். ஒரு பள்ளிக்கூடத்தில் அடுப்பு மூட்டி, எங்கள் சபை வாலிபர்களும் தோழருடைய சங்கத்துப் பையன்களும் சேர்ந்து சோறு வடித்தோம். யார் எந்தக் கொடி என்று பார்க்க யாருக்கும் நேரமில்லை.

நாலாம் நாள் நான் இயேசுவைப் பற்றிய ஒரு கட்டு கைப்பிரதி, அச்சடித்த துண்டுத்தாள்கள், கொண்டுபோனேன். ஒவ்வொரு சாப்பாட்டுப் பொட்டலத்திலும் நூலுக்கு அடியில் ஒன்றைச் செருகினேன். யாரும் சொல்லி அல்ல, நானாகத்தான். மனது நிறைந்துதான் செய்தேன். தோழர் சாம்பார் வாளியைக் கீழே வைத்தார். ஒரு கைப்பிரதியை உருவி, ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தார். மடித்து என் கையில் கொடுத்தார்.

"பசியில இருக்கறவன்கிட்ட எதைக் குடுத்தாலும் வாங்கிக்குவான் தம்பி. வேணாம்னு சொல்ல முடியாதவன்கிட்ட போய் இதைச் சொல்லாதே. அவன் வீடு கட்டி, திண்ணையில உக்காரட்டும். அப்ப போய்ச் சொல்லு. எங்கிட்ட வேணும்னா இப்பவே சொல்லு, நான் சாப்பிட்டாச்சு."

எனக்குக் கோபம் வந்தது. அவர் வாயை அடைக்க ஒரு வசனம் வேண்டும் என்று ராத்திரி வேதாகமத்தைத் திறந்தேன். கண்ணில் பட்டது ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்த வசனம்தான், 1 பேதுரு 3:15. "உங்களிலிருக்கிற நம்பிக்கையைக்குறித்து உங்களிடத்தில் விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்ல எப்பொழுதும் ஆயத்தமாயிருங்கள்." இருபது தடவையாவது மேடையில் ஒப்பித்திருப்பேன். விசாரித்துக் கேட்கிறவருக்கு என்றுதான் அதில் இருக்கிறது. வணக்கத்தோடு என்றும் இருக்கிறது. அந்தப் பொட்டலம் வாங்கிய தாய் என்னிடம் எதையும் விசாரிக்கவில்லை. பிள்ளைக்குச் சோறு கேட்டாள், அவ்வளவுதான். மறுநாள் கைப்பிரதிக் கட்டை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன்.

அப்படியானால் வாயை மூடிக்கொண்டு நல்லபடி வாழ்ந்து காட்டினால் போதும் என்று சபையிலேயே சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. நல்லபடி வாழ்ந்தால் ஆள் நல்லவன் என்று அவன் நினைப்பான். ஏன் அப்படி வாழ்கிறாய் என்பது நீங்கள் சொன்னால்தானே தெரியும்? மாற்கு 16:15-ல் போய்ப் பிரசங்கியுங்கள் என்று ஆண்டவர் சொன்னதில் நாத்திகருக்கு விலக்கு எதுவும் இல்லை. உயிருக்கு உயிராக நினைப்பதைக் கூட இருக்கிற நண்பனிடமே மறைத்து வைப்பது மரியாதையும் ஆகாது. சட்டமும் இதற்குக் குறுக்கே இல்லை. அரசியலமைப்பின் 25ஆவது பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமையைத் தருகிறது. பரப்பலாம் என்றால் இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை என்று பொருளில்லை என 1977-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. விசுவாசியாக எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. மனதை மாற்றுவது என் வேலை இல்லை.

ஒன்றை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். சங்கீதம் 14-ல் "தேவன் இல்லை என்று மதிகேடன் தன் இருதயத்தில் சொல்லிக்கொள்ளுகிறான்" என்று வருகிறதே, அதை எடுத்து நண்பன் முகத்தில் வீசாதீர்கள். அடுத்த வரிகளைப் படித்தால், ஜனத்தை அப்பத்தைப் போலத் தின்கிறவர்களைப் பற்றித்தான் அந்தச் சங்கீதம் பேசுகிறது. கூலி கேட்டுப் போராடுகிற ஆளைப் பார்த்து அதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

கேட்டுவிட்டுச் சொல்வது என்பது நான் புதிதாகக் கண்டுபிடித்ததும் இல்லை. 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க், பிள்ளைகளோடு மணலில் விரல் வைத்து எழுதித் தமிழ் படித்தவர். நம் ஜனங்கள் எதை நம்புகிறார்கள், ஏன் நம்புகிறார்கள் என்று கடிதம் எழுதிக் கேட்டு, வந்த பதில்களை ஜெர்மனுக்கு மொழிபெயர்த்து அனுப்பினார். இங்குள்ள தெய்வங்களைப் பற்றி 1713-ல் ஒரு நூலே எழுதினார். உன்னை அனுப்பியது இதற்கா என்று அங்கே ஜெர்மனியில், ஹாலே நகரத்தில் இருந்த மிஷன் பெரியவர்களுக்குப் பிடிக்கவில்லை, அச்சில் போடவும் இல்லை. அவர் பிரசங்கத்தில் எனக்கு ஒத்துவராத இடங்கள் உண்டு. ஆனாலும் கேள்வி கேட்டுப் பதிலுக்காகக் காத்திருந்த மனிதர் அவர். அதே வழியில் பின்னால் வந்த மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் (போதகரை அப்போது ஐயர் என்பார்கள்), தஞ்சாவூர் இளவரசர் சரபோஜிக்குப் பாதுகாவலராக இருந்தவர். சரபோஜி கடைசி வரைக்கும் கிறிஸ்தவர் ஆகவில்லை. ஆனால் ஐயர் 1798-ல் இறந்த பிறகு, சாகும் படுக்கையில் அவர் கையைத் தான் பிடித்திருப்பது போலச் சலவைக்கல்லில் செதுக்கச் செய்து வைத்தார். சிவகங்கைப் பூங்கா ஆலயத்தில் இன்றும் இருக்கிறது. தஞ்சாவூர் போனால் ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள்.

சரி, தோழரிடம் வருகிறேன். திண்ணைக்குப் போய் உட்கார எனக்கு ஏழெட்டு வருடம் ஆனது. ஒரு கிறிஸ்துமஸ் காலையில் அவர் டிவிஎஸ் ஃபிஃப்டி கிளம்பவில்லை. ஆராதனை முடிந்து புதுச்சட்டையோடு வந்துகொண்டிருந்தேன். "தம்பி, வெண்மணிக்குக் கொண்டுபோய் விடுறியா?" என்றார்.

கீழவெண்மணி உங்களுக்குத் தெரிந்திருக்கும், தெரியாவிட்டால் தெரிந்துகொள்ளுங்கள். 1968 டிசம்பர் 25 ராத்திரி. வயல் வேலை செய்தவர்கள் கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டார்கள், செங்கொடியை இறக்க மறுத்தார்கள். ராமையாவின் குடிசைக்குள் ஓடி ஒளிந்த 44 பேரை, பெரும்பாலும் பெண்களையும் குழந்தைகளையும், மிராசுதார் பக்கத்து ஆட்கள் உள்ளே வைத்து எரித்தார்கள். கீழ்க்கோர்ட்டில் தண்டனை பெற்ற மிராசுதார்களை 1973-ல் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. எங்கள் வீடுகளில் நட்சத்திரம் தொங்கும் அதே நாள்தான் தோழருக்கு ஒவ்வொரு வருடமும் நினைவு நாள். நாற்பது வயதை நெருங்கும் வரைக்கும் நான் ஒரு தடவைகூட அங்கே போனதில்லை.

கீழ்வேளூர் தாண்டினால் இரண்டு பக்கமும் சம்பா கதிர் விட்டு நின்றது. நினைவிடத்தில் வீரவணக்கம் சொல்லிக் கும்பல் கலைந்த பிறகு, கல்லில் இருந்த பெயர்களைத் தோழர் மெதுவாகப் படித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"உங்க சாமி பொறந்த ராத்திரி தம்பி இது. அந்தக் குடிசை எரிஞ்சப்ப நீங்கள்லாம் என்ன பாட்டுப் பாடிக்கிட்டு இருந்தீங்க?"

வாதம் பண்ணத் தோன்றவில்லை. ரொம்ப நேரம் கழித்துத்தான் பேச முடிந்தது. எங்கள் கிறிஸ்துமஸ் கதையிலேயே இது இருக்கிறது தோழர் என்றேன். குழந்தை பிறந்தது ஏரோது ராஜாவுக்குத் தெரிந்ததும், பெத்லகேமில் இரண்டு வயதுக்கு உட்பட்ட ஆண் பிள்ளைகளை எல்லாம் வெட்டச் சொன்னான். தாய் ராகேல் பிள்ளைகளுக்காக அழுது, ஆறுதல் அடையாதிருந்தாள் என்று மத்தேயு எழுதி வைத்திருக்கிறார். அந்தத் தாய்க்கு யாரும் அங்கே சமாதானம் சொல்லவில்லை. நான் நம்புகிற இயேசுவும், என்னை ஏன் கைவிட்டீர் என்று சிலுவையில் கேட்டுச் செத்தவர். அதனால்தான் இந்த இடத்தில் நின்றுகொண்டும் அவரைக் கூப்பிட முடிகிறது என்றேன். அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"இதை ஏன் உங்க பசங்க நாடகத்துல போடமாட்டேங்கறீங்க? மேய்ப்பனும் ஆட்டுக்குட்டியும்தானே எப்பவும் வருது?"

அடுத்த வருடம் போட்டோம். பண்டிகை நாளில் அழுகை எதற்கு என்று சிலர் வருத்தப்பட்டார்கள். போதகர் மூன்று நிமிடம் கொடுத்தார். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி வெறும் துண்டை மடியில் வைத்துக்கொண்டு, வசனம் எதுவும் பேசாமல் மேடை நடுவில் உட்கார்ந்திருந்தாள்.

தோழர் வெண்மணியிலிருந்து திரும்பி வர ராத்திரி ஆகிவிட்டது. வாசலில் என்னைப் பார்த்ததும் கேட்டார்.

"போட்டீங்களா?"

"போட்டோம் தோழர்."

"சரி, அந்த ஏரோதுக்கு என்ன தண்டனை கெடைச்சுது?"

ராஜாவாகவே செத்தான் என்றேன். கடைசி நியாயத்தீர்ப்பைப் பற்றி நான் நம்புவதையும் சொன்னேன். முழுவதும் கேட்டார். "அது அப்புறம் தம்பி. இங்க?" என்றார். அன்று பதினோரு மணி வரைக்கும் திண்ணையில் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம். இன்னும் பேசி முடியவில்லை. அவருக்காக ஜெபிக்கிறேன் என்பதை அவரிடமே சொல்லியிருக்கிறேன். வரும் டிசம்பரிலும் வண்டியை நான்தான் எடுக்கிறேன்.