இரண்டாவது சாயம் சேர்த்ததும் மின்னோட்டம் குறைவது ஏன்?

தண்டையார்பேட்டையிலிருந்து எம்.எஸ்ஸி. வேதியியல் மாணவி ஒருவர் கேட்கிறார்: "சாயம் ஒளியை வாங்கி மின்னோட்டம் தரும் சாயச் சூரியக் கலத்துக்காக என்-719 சாயத்தையும் ஒரு துத்தநாகக் காம்ப்ளெக்ஸையும் (அணைவுச் சேர்மம்) ஒரே கரைசலில் கலந்து, டைட்டானியம் டை ஆக்ஸைடு படலத்தை 24 மணி நேரம் ஊறவைத்தேன். மின்னோட்டம் கூடும் என்றார்கள், குறைந்துவிட்டது. எங்கே தப்பு?"

கலந்து ஊறவைத்ததைத்தான் முதலில் சந்தேகிப்பேன். ருத்தேனியம் காம்ப்ளெக்ஸான என்-719, 530 நானோமீட்டரை ஒட்டிய பச்சை ஒளியை நன்றாக வாங்கும். 400 பக்கமும் வாங்கும். ஆனால் அங்கே மின்பகுளியில் (கலத்துக்குள் இருக்கும் அயனிக் கரைசல்) உள்ள ட்ரை அயோடைடும் ஒளியை வாங்கிப் பங்குக்கு வந்துவிடுகிறது. அந்த நஷ்டத்தை ஈடுகட்டத்தான் 400 பக்கத்து நீல ஒளியை வாங்கும் துத்தநாகக் காம்ப்ளெக்ஸ், அதாவது துணைச் சாயம். டைட்டானியம் டை ஆக்ஸைடு படலத்தில் இடமோ அளவானது. சின்ன மூலக்கூறான துணைச் சாயம் முந்திக்கொண்டு ஒட்டிவிட்டால் நீலத்தில் வந்ததைவிடப் பச்சையில் போனது அதிகமாகிவிடும்.

உங்கள் காம்ப்ளெக்ஸ் எதைக் கொண்டு படலத்தைப் பிடிக்கிறது? என்-719 போலக் கார்பாக்ஸில் தொகுதி என்றால் இரண்டுக்கும் ஒரே இடத்தில் போட்டி. பிரிடின் நைட்ரஜன் என்றால் அது லூயிஸ் அமில இடங்களில் (எலக்ட்ரான் இணையை ஏற்கும் இடங்கள்) உட்காரும், சண்டை குறைவு. மின்பகுளியில் டெர்ட்-பியூட்டைல் பிரிடின் என்ற சேர்ப்பொருள் இருந்தால் அதுவும் அங்கேதான் போகும்.

அடுத்த முறை துணைச் சாயத்தில் ஒன்றிரண்டு மணி நேரம் மட்டும் வைத்து, அலசி, அப்புறம் என்-719இல் இரவு முழுக்க விடுங்கள். துணைச் சாயத்தின் நேரத்தை மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டிவரும், பொறுமை வேண்டும். என்-719 எவ்வளவு ஒட்டியது என்று தெரிய, ஒரு படலத்தை 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்ஸைடில் கழுவி, அந்தக் கரைசலின் நிறமாலையை எடுங்கள்.

ஐ.பி.சி.இ. (எந்த அலைநீள ஒளி எவ்வளவு மின்னோட்டமாகிறது என்ற அளவீடு) எடுக்க வசதி இருந்தால் பாதி வேலை முடிந்தது. 530இல் மட்டும் சரிவு என்றால் இடப்பிரச்சினை. காம்ப்ளெக்ஸ் ஒட்டியிருந்தும் 400இல் ஏற்றமே இல்லையா? ஒளி வாங்கிய அதன் கிளர்வு நிலை, டைட்டானியம் டை ஆக்ஸைடில் எலக்ட்ரான் ஓடும் ஆற்றல் மட்டமான கடத்துப்பட்டைக்குக் கீழே இருக்கலாம். அப்படியானால் எலக்ட்ரான் இறங்கவே இறங்காது, வேறு காம்ப்ளெக்ஸ்தான் தேட வேண்டும். நச்சு உலோகமான கேட்மியம் பக்கம் மட்டும் போகாதீர்கள். எண்ணூர்க் கழிமுகம் சுமக்கும் அனல்மின் நிலையச் சாம்பலே போதும்.

கடற்கரை ஈரத்தையும் கவனியுங்கள். படலம் உலையிலிருந்து வந்து ஆறும்போதே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் சாயத்தின் பிடியைத் தளர்த்தும். 80 டிகிரி சூடு இருக்கும்போதே சாயத்தில் இறக்குங்கள்.

சரி, எதைச் செய்தாலும் என்-719 மட்டும் ஊறிய கலம் ஒன்றை அதே நாளில், அதே மின்பகுளியில் செய்து அதோடுதான் ஒப்பிட வேண்டும். போன மாதத்துக் கலம் கணக்கில் சேராது.