நாற்பது வயதில் நேராக எலக்ட்ரிக் கிட்டார் கற்கலாமா, முதலில் மின் இணைப்பில்லாத அகூஸ்டிக் அவசியமா?

நேராகவே தொடங்கலாம். "முதலில் அகூஸ்டிக்கில் விரல் காய்த்துப் போகட்டும், பிறகு எலக்ட்ரிக்கைத் தொடலாம்" என்று உங்களிடமும் யாரோ சொல்லியிருப்பார்கள். அந்தச் சொல்லை நம்பி ஆறு ஆண்டுகளை இழந்தவன் என்பதால் இந்தப் பதிலில் சற்றுச் சூடு இருக்கலாம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முப்பத்தெட்டாம் வயதில் எலக்ட்ரிக் கிட்டார் வாங்கக் கடைக்குப் போன நான், விற்பனையாளரின் பேச்சைக் கேட்டு அகூஸ்டிக்கோடு திரும்பினேன். அதன் மெல்லிய தந்தியே 0.012 அங்குலத் தடிமன், கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளில் பன்னிரண்டாவதான பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் தந்திக்கு அடியில் ஒரு ரூபாய் நாணயங்கள் இரண்டை அடுக்கிச் செருகினாலும் இடம் மிஞ்சியது. ஆள்காட்டி விரலைப் படுக்கவைத்து ஆறு தந்திகளையும் அழுத்த வேண்டிய எஃப் கார்டு (பல சுரங்கள் சேர்ந்து ஒலிப்பதுதான் கார்டு) நான்கு மாதமாகியும் ஒலிக்கவில்லை. குறை என் விரலில்தான் என்று முடிவுகட்டிக் கிட்டாரைப் பரணில் போட்டேன். கிட்டாரின் உடலில் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜில், அவை அமரும் அந்த வெள்ளைப் பட்டையைச் சற்றுத் தேய்த்துத் தந்திகளின் உயரத்தைக் குறைத்திருந்தால் போதும் என்பதை ஒருவரும் சொல்லவில்லை.

பின்னர் வெளிநாடு சென்ற அக்கா மகன் விட்டுப்போன எலக்ட்ரிக் கிட்டாரில் மெல்லிய தந்தி 0.009 அங்குலம்தான். அதே எஃப் கார்டு இரண்டாம் வாரமே வந்துவிட்டது. அகூஸ்டிக்கைத் தாழ்த்த இதைச் சொல்லவில்லை. அதில் தொடங்கித் தேர்ந்தவர்கள் ஏராளம். ஆனால் எலக்ட்ரிக் என்றால் சோம்பேறிகளின் குறுக்குவழி என்று எழுத வருபவர்கள், ஒருமுறை ஆம்ப்ளிஃபயரில் (சுருக்கமாக ஆம்ப்) ஒலியை மிகைப்படுத்தும் கெய்னை ஏற்றி வாசித்துப் பார்த்துவிட்டு வரட்டும்.

வாசிக்கும் தந்தியைவிட வாசிக்காத ஐந்தும்தான் அப்போது அதிகம் பேசும். தந்திகளுக்கு அடியில் காந்தமும் கம்பிச் சுருளுமாக இருக்கும் பிக்கப்பின் காந்தத்துக்கு மேல் எந்த உருக்குத் தந்தி அதிர்ந்தாலும் சுருளில் மின்னோட்டம் எழும். நாம் மீட்டியதா, விரல் தவறி உரசியதா என்று அது பார்ப்பதில்லை. ஆகவே தடித்த தந்திகளை வலது உள்ளங்கையின் விளிம்பாலும், மெல்லியவற்றை இடது ஆள்காட்டி விரலின் அடிப்புறத்தாலும் மெல்லத் தொட்டு அடக்கியபடியே வாசிக்க வேண்டும். வீட்டில் தூக்கம் கெடக்கூடாதென்று மூன்று மாதம் ஆம்ப் இல்லாமலே பழகிய எனக்கு, முதன்முதலில் இணைத்த அன்று, தெரிந்ததாக நினைத்திருந்த அனைத்தும் ஒரே இரைச்சலாக வெளிவந்தது. அதைத் திருத்த இன்னொரு மூன்று மாதம் ஆயிற்று. ஹெட்ஃபோன் செருகும் சிறிய ஆம்ப் ஒன்றைக் கிட்டாரோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

மிதக்கும் பிரிட்ஜ் உள்ள கிட்டார் இப்போதைக்கு வேண்டாம். அதில் ஸ்பிரிங்கும் தந்திகளும் ஒன்றையொன்று இழுத்துச் சமனில் நிற்பதால், ஒரு தந்தியைச் சுருதி சேர்த்தால் மற்ற ஐந்தும் விலகும். கடைக்குப் போகும்போது சட்டைப் பையில் ஒரு ரூபாய் நாணயங்கள் இரண்டு இருக்கட்டும். பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் இரண்டும் சேர்ந்து உள்ளே நுழைந்தால், உயரத்தைக் குறைத்துத் தந்த பிறகே பணத்தைக் கொடுங்கள்.