ஜானி ஹாஸ்கின்ஸ் – கடிதம்

வணக்கம் ஐயா,

ஸ்பீடுவே என்கிற மண் தட பைக் பந்தயத்தில் ஓட்டிய ஆஸ்திரேலிய வீரர் ப்ளூயி வில்கின்சன் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். முந்தைய நாள் ராத்திரி எலும்பு முறிந்த தோளோடு வந்து உலகப் பட்டம் ஜெயித்த மனிதர் அவர். அவரைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டு, பாதிக் கட்டுரையை, பந்தயங்களை ஏற்பாடு செய்து நடத்திய ஜானி ஹாஸ்கின்ஸ் என்ற புரமோட்டருக்குக் கொடுத்துவிட்டீர்கள். ஹாஸ்கின்ஸ் பந்தயம் ஓட்டிப் பேர் வாங்கியவர் இல்லை. டிக்கெட் விற்றார், அவ்வளவுதானே? ஒரு வியாபாரிக்கு எதற்கு இவ்வளவு இடம்? ‘ஸ்பீடுவேயின் தந்தை’ என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு முன்பே அமெரிக்காவில் மண் தடத்தில் பைக் பந்தயங்கள் நடந்திருக்கின்றனவே?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். நீங்கள் சொல்வது சரி. அமெரிக்காவில் மட்டுமில்லை, ஆஸ்திரேலியாவிலேயே அவருக்கு முன்பு மண்ணிலும் புல்லிலும் பைக் ஓட்டிப் பந்தயம் வைத்திருக்கிறார்கள். ‘தந்தை’ என்பது பத்திரிகைகள் கொடுத்த பட்டம். அதை நான் யோசிக்காமல் எடுத்தாண்டுவிட்டேன்.

ஆனால் ‘டிக்கெட் விற்றார், அவ்வளவுதானே’ என்பதை என்னால் அப்படியே விட முடியவில்லை.

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் வெஸ்ட் மெய்ட்லாண்ட் என்று ஒரு ஊர். அங்கிருந்த விவசாயக் கண்காட்சிச் சங்கத்துக்கு ஹாஸ்கின்ஸ் செயலாளர். நியூசிலாந்தில் பிறந்து, பிழைப்புக்காக ஆஸ்திரேலியா வந்தவர். அப்போது அவருக்கு வயது 31. சங்கத்துக்குப் பணம் வேண்டும். 1923 டிசம்பர் 15 அன்று ராத்திரியில் கண்காட்சி மைதானத்தில் மின்விளக்கு போட்டு விழா நடத்தினார். விழாவின் பெயரே ‘எலக்ட்ரிக் லைட் கார்னிவல்’. கவனியுங்கள், விளக்குதான் பெயரில் இருக்கிறது. பைக் பந்தயம் அன்றைய நிகழ்ச்சிகளில் ஒன்று, அவ்வளவே. வேலை முடிந்து வந்தவன் சாப்பிட்டுவிட்டுக் குடும்பத்தோடு கிளம்பி வருகிற மாதிரி ஒரு ராத்திரியை அமைத்தால் கூட்டம் சேரும் என்பதை அவர் அங்கே புரிந்துகொண்டார். பைக் ஓட்ட ஆள் எப்போதும் இருந்தார்கள். அந்த ராத்திரியை அமைக்கத்தான் ஆள் தேவைப்பட்டது.

அப்புறம் சிட்னி, பெர்த். 1928இல் சில வீரர்களைக் கூட்டிக்கொண்டு இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். அதே வருடம் பிப்ரவரி 19 அன்று லண்டனை ஒட்டிய ஹை பீச்சில் ஒரு மோட்டார் சைக்கிள் கிளப் நடத்திய பந்தயத்துக்கு முப்பதாயிரம் பேர் வரை திரண்டதாகச் சொல்வார்கள். 1929இல் லண்டனின் வெம்ப்ளி அணியின் நிர்வாகம் ஹாஸ்கின்ஸ் கைக்கு வந்தது. பிறகு 1930களில் லண்டனின் இன்னொரு அணியான வெஸ்ட் ஹாம். வில்கின்சன் அங்கேதான் அவருக்காக ஓட்டினார். 1937இல் அந்த அணி லீக் பட்டம் வென்றது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஸ்பீடுவேயில் ஒரு ஓட்டத்துக்கு நான்கு பேர், நான்கு சுற்று. 500 சிசி பைக், மெத்தனால் எரிபொருள், ஒரே கியர், பிரேக் கிடையாது. இடது காலில் இரும்பு லாடம் மாட்டிய பூட்ஸ். வளைவில் பின்சக்கரம் வெளியே வழுக்கிக்கொண்டு போக, முன்சக்கரத்தை எதிர்த்திசைக்குத் திருப்பி, அந்த லாடத்தைத் தரையில் உரசிக்கொண்டே திரும்புவார்கள். சக்கரம் வாரியடிக்கும் கரித்தூள் வேலியோரம் நிற்பவர் முகத்தில் வந்து விழும். எல்லாம் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல், முடிந்துவிடும். ஒரு மாலையில் இருபது ஓட்டம் வைத்தாலும் பைக் ஓடும் நேரம் அரை மணியைத் தொடாது.

ஜனங்களோ இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்கிறார்கள். மிச்ச நேரம் யாருடையது? புரமோட்டருடையது. விழுந்தவரைத் தூக்க வேண்டும், தடத்தைச் சமப்படுத்தித் தண்ணீர் தெளிக்க வேண்டும், அதுவரை கூட்டத்தின் சூடு இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஹாஸ்கின்ஸ் தானே மைதானத்தின் நடுவில் வந்து நிற்பார். அவருடைய வீரர்கள் அவர் தலையிலிருந்து தொப்பியைப் பிடுங்கி, எல்லோரும் பார்க்கத் தீ வைப்பார்கள். வேடிக்கையாகத் தொடங்கியது காலப்போக்கில் ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. அவர் அடுத்த ஆட்டத்துக்கு இன்னொரு தொப்பியோடு வருவார். முதலாளியின் தொப்பி எரிவதைப் பார்க்கிற கூட்டத்துக்கு அந்த அணி ‘நம்ம அணி’ ஆகிவிடுகிறது. இதைச் சும்மா விற்பனைத் தந்திரம் என்று என்னால் நினைக்க முடியவில்லை. வாரா வாரம் தன்னையே அந்தக் கூட்டத்துக்குக் கொடுத்த மனிதர் அவர்.

மழை வந்தால் நஷ்டமும் அவருக்குத்தான். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கேளிக்கை வரி டிக்கெட் பணத்தில் கிட்டத்தட்டப் பாதியைக் கொண்டுபோனது. 1950களில் ஸ்பீடுவே தடங்கள் ஒன்றொன்றாக மூடின, வெம்ப்ளியில் இருந்தது உட்பட. போருக்குப் பிந்தைய அந்த வருடங்களில் எத்தனையோ பேர் வேறு தொழிலுக்குப் போனார்கள். இவர் நியூகாஸில், கிளாஸ்கோ, மான்செஸ்டரின் பெல் வ்யூ என்று இடம் மாறிக்கொண்டே இருந்தார். கிளாஸ்கோவில் மகன் இயன் ஏற்கெனவே டைகர்ஸ் அணியை நடத்திக்கொண்டிருந்தார். 1949இல் அப்பா அதே ஊரில் ஆஷ்ஃபீல்ட் ஜயன்ட்ஸ் அணியைத் தொடங்கினார். ஒரே ஊர்க் கூட்டத்தை அப்பாவும் மகனும் பங்கு போட்டுக்கொண்டார்கள். 1968இல் இங்கிலாந்தின் கேன்டர்பரியில் புதிதாக ஒரு அணியைத் தொடங்கியபோது அவருக்கு வயது 75ஐத் தாண்டியிருந்தது. பணம் மட்டுமே குறி என்றால் அந்த வயதில், அதுவும் இரண்டாம் பிரிவு அணி ஒன்றை வைத்துக்கொண்டு, யாரும் மறுபடி முதலிலிருந்து தொடங்க மாட்டார்கள். 1987இல் காலமானார். கேன்டர்பரி தடமும் அதே வருடம் மூடப்பட்டது.

வில்கின்சனை நான் குறைத்துவிட்டதாக உங்களுக்குத் தோன்றினால் அது என் எழுத்தின் குறைதான். கட்டுப்போட்ட தோளோடு அவர் ஜெயித்த அந்த 1938 இறுதிப் போட்டியை வெம்ப்ளியில் 93,000 பேர் பார்த்தார்கள். ஆனால் கட்டுரையில் விட்டுப்போன ஒன்றைச் சொல்கிறேன். பட்டம் வாங்கிய பிறகு அவர் ஓட்டுவதை நிறுத்திவிட்டார். அடுத்த வருடம் ஷெஃபீல்டில் அவர் எடுத்துக்கொண்ட வேலை, புரமோட்டர் வேலை.

‘தந்தை’ என்ற சொல்லைக் கட்டுரையிலிருந்து நீக்கிவிட்டேன். ஹாஸ்கின்ஸ் வருகிற பகுதி அப்படியே இருக்கும்.

அன்புடன்