புள்ளி மறைந்தால் நோய் போய்விட்டதா?

மீன் வளர்ப்பு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: புதிதாக இரண்டு மோலி வாங்கித் தொட்டியில் விட்டேன். மூன்றாம் நாள் அவற்றின் உடம்பில் உப்பைத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள். மருந்து ஊற்றினேன், இரண்டே நாளில் மறைந்தன. மருந்தை நிறுத்திவிட்டேன். இப்போது தொட்டியில் உள்ள எல்லா மீன்களுக்கும் புள்ளி வந்துவிட்டது. மருந்து போலியா?

பதில்: மருந்தின் மேல் தவறு இருப்பதாகத் தெரியவில்லை. நிறுத்திய நாள்தான் தவறு.

வெள்ளையாகத் தெரிகிற ஒவ்வொரு புள்ளியும் ஓர் ஒட்டுண்ணி. அது மீனின் தோலுக்கு அடியில் புகுந்துகொண்டு அங்கேயே தின்று வளர்கிறது. அங்கே இருக்கும்வரை நீரில் ஊற்றும் மருந்து அதை ஒன்றும் செய்யாது. வளர்ந்து முடிந்ததும் தானாகக் கழன்று விழும், அடிக்கல்லிலோ செடியிலோ ஒட்டிக்கொள்ளும், ஒரு கூட்டுக்குள் இருந்தபடி நூற்றுக்கணக்கில் பிரியும். புள்ளி மறைந்துவிட்டது என்று நீங்கள் நிம்மதியாகத் தூங்கிய அந்த இரவில்தான் அது பெருகிக்கொண்டிருந்தது. கூட்டை விட்டு வரும் குஞ்சுகள் ஓரிரு நாளுக்குள் ஒரு மீனைப் பிடித்தாக வேண்டும், இல்லாவிட்டால் செத்துவிடும். அவை நீந்தித் திரியும் அந்தச் சின்ன இடைவெளியில்தான் மருந்து அவற்றைக் கொல்கிறது.

25 டிகிரி சூட்டில் இந்தச் சுற்று முடிய ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். நீர் குளிர்ந்திருந்தால் வாரக்கணக்கில் இழுக்கும். அதனால் ஹீட்டர் இருந்தால் நாளுக்கு ஓரிரு டிகிரியாக ஏற்றி 29 வரை கொண்டுபோங்கள். சுற்று வேகமாக ஓடும், மருந்துக்குச் சீக்கிரம் சிக்கும். ஆனால் சூடான நீரில் ஆக்சிஜன் குறைவு. ஏர் பம்ப் இரவு பகலாக ஓடட்டும். ஃபில்டரில் கரி வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள், அது மருந்தை உறிஞ்சிவிடும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் அடிக்கல்லைக் குழாய் வைத்து உறிஞ்சிச் சுத்தம் செய்தால் கூடுகளில் பாதியாவது வெளியே போகும். வெளியேற்றிய நீருக்கு ஏற்ற அளவு மருந்தை மறுபடி சேருங்கள். கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரம் தொடருங்கள். கோரிடோரஸ் போன்ற கெளுத்தி வகைகள் இருந்தால் புட்டியில் எழுதியிருப்பதை ஒன்றுக்கு இரண்டு முறை படியுங்கள். அவை மருந்தையும் உப்பையும் அதிகம் தாங்காது.

இன்னொன்று. புள்ளியாக இல்லாமல், வாயைச் சுற்றிப் பஞ்சு போல வெள்ளை படர்ந்திருந்தால் சூட்டை ஏற்றவே வேண்டாம். அது பாக்டீரியாவாக இருக்கலாம். சூட்டில் அது இன்னும் வேகமாகப் பரவும்.

அடுத்த முறை புது மீனை நான்கு வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்துவிட்டு மற்றவற்றோடு சேருங்கள். சின்னத் தொட்டியும் ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரும் போதும்.

கேள்வி: தொட்டியை முழுவதும் காலிசெய்து, கல், ஃபில்டர் எல்லாவற்றையும் குழாய்நீரில் தேய்த்துக் கழுவினேன். மூன்றாம் நாளிலிருந்து மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. செவுள் சிவந்திருக்கிறது. என்ன மருந்து போடலாம்?

பதில்: எந்த மருந்தும் போடாதீர்கள். இந்தக் கடிதத்தைப் படித்தபோது மனம் கனத்துவிட்டது. என் முதல் தொட்டியில் நானும் இதையேதான் செய்தேன். ஃபில்டர் ஸ்பாஞ்ச் பளிச்சென்று ஆகும்வரை குழாயடியில் பிழிந்தேன். ஐந்து நாளில் 11 மீன்கள் போயின. ஒவ்வொன்று சாகும்போதும் இன்னும் கொஞ்சம் மருந்து ஊற்றினேன்.

மீனின் கழிவிலிருந்தும் செவுளிலிருந்தும் அமோனியா வருகிறது. ஃபில்டரில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நாம் அழுக்கு என்று நினைத்துக் கழுவியதில் அவையும் போய்விட்டன. குழாய்நீரில் குளோரின் இருந்தால் மிச்சம் இருந்ததையும் அது கொன்றிருக்கும். இப்போது அமோனியா மீனின் செவுளைப் புண்ணாக்குகிறது.

இன்றே மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றுங்கள். புது நீர் அதே சூட்டில், குளோரின் நீக்கியதாக இருக்கட்டும். நாளையும் மாற்றுங்கள். இரண்டு நாள் தீனி வேண்டாம், மீன் தாங்கும். அமோனியா, நைட்ரைட் இரண்டுக்கும் டெஸ்ட் கிட் வாங்குங்கள். இரண்டும் பூஜ்யம் காட்டும்வரை நீர் மாற்றம் தொடரட்டும். பாக்டீரியா மறுபடி குடியேற நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகலாம். தெரிந்தவர் வீட்டில் நோயில்லாத பழைய தொட்டி இருந்தால், அதன் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்கி உங்கள் ஃபில்டரில் வையுங்கள். பெரிய உதவி அது. இனி ஸ்பாஞ்சைக் கழுவ வேண்டுமென்றால், தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே லேசாகப் பிழிந்தால் போதும்.

கேள்வி: ஃபைட்டர் மீனின் வயிறு வீங்கியிருக்கிறது. பிழைக்குமா?

பதில்: மேலிருந்து பாருங்கள். செதில்கள் படிந்தே இருந்தால் மலச்சிக்கலாக இருக்கலாம். இரண்டு மூன்று நாள் பட்டினி போட்டுப் பாருங்கள். செதில்கள் எல்லாம் சிலிர்த்து நின்றால் உள்ளே சிறுநீரகம் கெட்டு உடம்பில் நீர் சேர்ந்துவிட்டது. பொய் நம்பிக்கை தர மாட்டேன், பெரும்பாலும் பிழைப்பதில்லை. நீரைச் சுத்தமாக வைத்து, தொந்தரவு இல்லாமல் விடுங்கள்.

கேள்வி: என் தங்கமீனின் செவுள் மூடியிலும் முன்துடுப்பின் ஓரத்திலும் மட்டும் வெள்ளைப் புள்ளிகள். நன்றாகத் தின்கிறது, மற்ற மீனை விடாமல் துரத்துகிறது. மருந்து வாங்கிவிட்டேன். எவ்வளவு ஊற்றட்டும்?

பதில்: புட்டியைத் திறக்காதீர்கள். உங்கள் மீன் ஆண், இனப்பெருக்கப் பருவத்தில் இருக்கிறது. ஆண் தங்கமீனுக்கு அந்த நேரத்தில் சரியாக அந்த இரண்டு இடங்களில்தான் முத்துமுத்தாக வெள்ளை வரும்.