முதியவர்களின் கணினி வகுப்பு: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். எங்கள் குடியிருப்புப் பகுதியின் சமூக மன்றத்தில் முதியவர்களுக்கான கணினிக் கருத்தரங்குகளை நானும் நண்பர்கள் மூவரும் நடத்திவருகிறோம். சனிக்கிழமைதோறும் இரண்டு மணி நேரம், மொத்தம் ஆறு வாரம். பெரிய திரை, ஒலிபெருக்கி, ஆளுக்கொரு கணினி, அச்சிட்ட குறிப்பேடு என்று எல்லா ஏற்பாடும் செய்தோம். முதல் வாரம் 28 பேர் வந்தார்கள். நான்காம் வாரம் 9 பேர்.

குறை எங்கே என்று புரியவில்லை. மெதுவாகத்தான் பேசுகிறோம். ஒன்றையே நான்கு முறை சொல்கிறோம். அவர்களும் தலையசைக்கிறார்கள். அடுத்த வாரம் கணினியின் முன் உட்கார்ந்ததும் முதல் நாள்போலவே விழிக்கிறார்கள். சென்ற வாரம் ஓர் அம்மா பாதியில் எழுந்து, “இதெல்லாம் எனக்கு இனி ஏறாது தம்பி, உங்கள் நேரத்தை வீணாக்க வேண்டாம்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்று முழுக்க எனக்கு மனது சரியில்லை.

மன்ற நிர்வாகிகள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்கிறார்கள். நீங்கள் பல ஆண்டுகளாக முதியவர்களுக்குக் கற்றுத்தருவதாக எழுதியிருந்தீர்கள். வயதுதான் தடையா? அல்லது எங்கள் முறையில் பிழையா?

அன்புடன்,
ஒரு தன்னார்வலர்

*

அன்புள்ள நண்பருக்கு,

அந்த அம்மா சொன்ன சொல்லை நான் பலர் வாயால் கேட்டிருக்கிறேன். ஏறாது, மண்டையில் நிற்காது, இந்த வயதில் இது எதற்கு. அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். இத்தனை பேர் நடுவே ஐந்தாவது முறையும் அதே இடத்தில் தவறினால் வரும் கூச்சம் இருக்கிறதே, அதைத்தான் அவர் அப்படிச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

வயது வேகத்தைக் குறைக்கும். கற்பதைத் தடுக்காது. டல்லாஸிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் டெனிஸ் பார்க் என்ற உளவியலாளரின் குழு நடத்திய ஆய்வொன்று 2014இல் வெளியானது. அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு டிஜிட்டல் புகைப்படக் கலையையோ, துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைக்கும் கலையையோ புதிதாகக் கற்றுக்கொடுத்தார்கள். சிலர் இரண்டையும் கற்றார்கள். மூன்று மாத முடிவில் அவர்களின் நினைவாற்றல் மேம்பட்டிருந்தது. ஆனால் அதற்காக அவர்கள் செலவிட்டது வாரத்துக்குச் சராசரியாக 16 மணி நேரத்துக்கும் மேல். நீங்கள் தருவது இரண்டு மணி நேரம். அதிலும் அவர்களுடைய கை கணினிமேல் இருப்பது எவ்வளவு நேரம்? வரும் சனிக்கிழமை கடிகாரத்தை வைத்துப் பாருங்கள். இருபது நிமிடம்கூடத் தேறாது என்று நினைக்கிறேன். பேச்சைக் கேட்டுவிட்டு ஆறு நாள் கணினியைத் தொடாமலிருந்தால் இருபது வயதுக்காரருக்கும்தான் நிற்காது. கருத்தரங்கு என்று அறிவித்தால் கேட்பதற்குத் தயாராகத்தான் வருவார்கள். தலையசைப்பது கேட்டதற்கான மரியாதை. புரிந்துவிட்டது என்று அதற்குப் பொருள் கொள்ளக் கூடாது.

இனி, நான் செய்த தவறைச் சொல்கிறேன். உங்களுக்கு உதவுமென்றால் அதுதான் உதவும்.

நான் வகுப்பெடுக்கத் தொடங்கிய ஆண்டு ஒரு பெரியவர் வந்தார். ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் கணக்கெழுதி ஓய்வுபெற்றவர். மூன்று வாரமும் இரண்டு கைகளையும் மடியில் கோத்தபடியே உட்கார்ந்திருந்தார். நான் அருகில் போய், “தொட்டுப் பாருங்கள் ஐயா” என்பேன். தயங்குவார். உடனே மவுஸை நான் வாங்கி, நாலே கிளிக்கில் செய்துகாட்டிவிட்டு அடுத்தவரிடம் போய்விடுவேன். உதவி செய்ததாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். நான்காம் வாரம்தான் என்ன தயக்கம் என்று கேட்டேன். “எதையாவது அழுத்தி எல்லாம் அழிந்துபோய்விட்டால் என்ன செய்வது?” என்றார்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தக் கேள்வி கூடவே வந்தது. பேரேட்டில் எழுதிய எண்ணைச் சுரண்டி அழிக்கக் கூடாது. தவறிவிட்டால் அதன்மேல் ஒரு கோடு போட்டு, சரியானதை மேலே எழுதி, பக்கத்தில் கையெழுத்திட வேண்டும். செய்த தவறு காலத்துக்கும் அங்கேயே நிற்கும், யார் செய்தார்கள் என்ற அடையாளத்தோடு. தட்டச்சு செய்தவர்களின் கதையும் இதுதான். கார்பன் தாள் வைத்து நான்கு படி எடுக்கும்போது ஓர் எழுத்து பிசகினால் நான்கிலும் திருத்த வேண்டும், இல்லையென்றால் பக்கத்தையே மறுபடி அடிக்க வேண்டும். அடித்தால் அடித்ததுதான், எழுதினால் எழுதியதுதான் என்ற உலகத்தில் வாழ்நாள் முழுக்க உழைத்த கைகள் அவை. அந்தத் தயக்கத்துக்குச் சரியான பெயர் பொறுப்புணர்ச்சி. அதை மந்தம் என்று எடுத்துக்கொண்டது என் பிழை.

அடுத்த அணி தொடங்கியபோது முதல் வகுப்பை மாற்றினேன். கணினியின் பாகங்கள், வரலாறு எதைப் பற்றியும் பேசவில்லை. கெடுப்பதற்கென்றே ஒரு வகுப்பு. ஒவ்வொரு கணினியிலும் ஒரு பக்கம் நிறைய எழுத்துகளைத் திறந்து வைத்திருந்தோம். எல்லாவற்றையும் தெரிவுசெய்து அழியுங்கள் என்றேன். திரைகள் வெறுமையாயின. அறையில் சத்தமே இல்லை. பிறகு கன்ட்ரோல் விசையைப் பிடித்துக்கொண்டு இசட்டைத் தட்டச் சொன்னேன்.

அந்தக் கணக்கர் இந்த அணியிலும் சேர்ந்திருந்தார். இடது கைச் சுண்டுவிரலால் கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு, வலது கை ஆட்காட்டி விரலால் இசட்டைத் தேடினார். விரல் கீழ்வரிசையில் சி, எக்ஸ் என்று தயங்கித் தயங்கி நகர்ந்து இசட்டின்மேல் நின்றது. தட்டினார். பக்கம் முழுவதும் திரும்பி வந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். மறுபடியும் அழித்தார். மறுபடியும் கொண்டுவந்தார். பின்னால் நின்று எண்ணினேன், பதினோரு முறை. அப்புறம் என் பக்கம் திரும்பி, “இதை ஏன் முதல் நாளே சொல்லவில்லை?” என்றார். கோபமாகத்தான் கேட்டார். நியாயமான கோபம்.

அன்றிலிருந்து என் வகுப்பில் எதைச் சொல்லித்தந்தாலும் திரும்பி வரும் வழியை முதலில் சொல்லித்தருகிறேன். இணையத்தில் ஒரு பக்கத்துக்குப் போவதற்கு முன் பின்னோக்கிய அம்புக்குறி. கோப்பை நீக்குவதற்கு முன் குப்பைத்தொட்டியிலிருந்து அதை மீட்பது. சேமிப்பதற்கு முன் சேமிக்காமலே மூடுவது. வழி தெரிந்துவிட்டால் அவர்கள் தாமாகவே உள்ளே போய்ப் பார்க்கிறார்கள், நாம் தள்ள வேண்டியதில்லை.

ஆனால் திரும்பி வர முடியாத இடங்களும் கணினியில் உண்டு. அனுப்பிய பணம், வாய்விட்டுச் சொன்ன ஓடிபி, முகம் தெரியாதவர் சொல்லக்கேட்டு நிறுவிய செயலி வழியாக அவர் பார்வைக்குத் திறந்துவிட்ட நம் திரை. ஒரு புகைப்படம் அழிந்துவிடுமோ என்று நடுங்குகிற அதே பெரியவர், தொலைபேசியில் அதிகாரி என்று பணிவாகப் பேசும் குரலிடம் ஆறு இலக்க எண்ணைத் தயங்காமல் சொல்லிவிடுகிறார். பயப்பட வேண்டாம் என்று பொதுவாகச் சொல்லிவைப்பது ஆபத்து. அவர்களுடைய பயத்தைப் போக்க வேண்டியதில்லை, இடம் மாற்றினால் போதும். எந்தப் பொத்தானை அழுத்திவிட்டுத் திரும்பி வரலாம், எதற்குமுன் நின்று யோசிக்க வேண்டும் என்ற பகுப்பு கையில் இருந்தால் பாதிப் பாடம் முடிந்தது.

இதற்கு நாங்கள் ஒரு பயிற்சி வைத்திருக்கிறோம். நான் அடுத்த அறையிலிருந்து மோசடிக்காரன்போலத் தொலைபேசியில் அழைப்பேன். உங்கள் கணக்கு இன்னும் பத்து நிமிடத்தில் முடக்கப்படும் என்று அவசரப்படுத்துவேன். அவர்கள் பதில் பேசாமல் தொடர்பைத் துண்டிக்க வேண்டும். கேட்பதற்கு எளிது. ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது பாதியில் வைப்பது மரியாதைக்குறைவு என்று வளர்ந்தவர்களுக்கு அது எளிதே அல்ல. ஓர் அம்மா முதல் முறை முழுவதையும் கேட்டார். இரண்டாம் முறை, “மன்னித்துக்கொள்ளுங்கள், நான் வைக்கிறேன்” என்று சொல்லிவிட்டு வைத்தார். மூன்றாம் முறை நான் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் துண்டித்துவிட்டார். அறை முழுக்கக் கைதட்டல். சந்தேகம் இருந்தால், அழைத்தவர் தரும் எண்ணை விட்டுவிட்டு நாம் முன்பே எழுதிவைத்திருக்கும் எண்ணில் நாமே கேட்டுக்கொள்ளலாம் என்பதையும் அன்றே பழக்கிவிடுகிறோம்.

அடுத்தது கைகளைப் பற்றி. பலர் மூளையின்மேல் போடும் பழி உண்மையில் விரல்களுக்குரியது. விண்டோஸில் இரட்டைக் கிளிக் என்றால் வழக்கமான அமைப்பின்படி இரண்டு தட்டலும் அரை நொடிக்குள் விழ வேண்டும். நடுவே மவுஸும் நகரக் கூடாது. மூட்டு வலியும் லேசான நடுக்கமும் உள்ள கைக்கு அது கடினம். கோப்பு திறக்காது, சமயத்தில் இடம் மாறிப் போய்விடும். அவர் தனக்கு ஏறவில்லை என்று முடிவுகட்டிவிடுவார். அமைப்புகளுக்குள் போய் அந்த வேகத்தைக் குறைத்துவையுங்கள், ஒரு நிமிட வேலை. அல்லது ஒருமுறை கிளிக் செய்துவிட்டு என்டர் தட்டச் சொல்லுங்கள். மவுஸைப் பழக்க சொலிடேர் சீட்டாட்டத்தைவிட நல்ல ஆசிரியர் இல்லை. 1990இல் விண்டோஸ் 3.0 பதிப்போடு வந்த அந்த ஆட்டத்தில் சீட்டை எடுத்து, இழுத்து, விடுவதைத் தவிர வேறு வேலையே கிடையாது. அரை மணி ஆடினால் கை தானாகப் பழகும்.

தொடுதிரையிலும் இப்படித்தான். விரலின் மின்கடத்தும் தன்மையைக் கொண்டுதான் அது தொடுதலை உணர்கிறது. வயதாக ஆகத் தோல் உலர்வதால் சில சமயம் திரை உணராது. அவர் அழுத்தி, நீண்ட நேரம் பிடிப்பார். உடனே வேறு ஏதோ பட்டியல் திறக்கும். இலேசாகத் தட்டி எடுக்கச் சொல்லுங்கள். எவ்வளவு நேரம் பிடித்தால் நீண்ட தொடுதலாகக் கொள்வது என்பதைப் பல ஸ்மார்ட்போன்களில் மாற்றிக்கொள்ளலாம். எழுத்தின் அளவைப் பெரிதாக்குவதையும் முதல் நாளே காட்டிவிடுங்கள்.

தட்டச்சைப் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் வகுப்பில் தமிழ்த் தட்டச்சு கற்று வேலை பார்த்தவர்கள் இருக்கலாம். அவர்களிடம் போய் ஆங்கில எழுத்துகளை அடித்துத் தமிழை வரவழைக்கச் சொல்லாதீர்கள். பழைய தட்டச்சு இயந்திரத்தின் விசை அமைப்பைத் தரும் மென்பொருள்கள் உள்ளன, அதைப் போட்டுக்கொடுங்கள். விரல்களுக்கு எல்லாம் நினைவிருக்கும். புதிதாகக் கற்பவர்களுக்கு 1999இல் வகுக்கப்பட்ட தமிழ்99 என்ற விசை அமைப்பு நன்றாக ஒத்துவருகிறது. உயிரெழுத்துகள் இடக்கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கு. ஒரே மெய்யை அடுத்தடுத்து இருமுறை அடித்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். விரல் ஒத்துழைக்காதவர்கள் பேசினாலே எழுத்தாகிறது. அதையும் குறைவாக நினைக்க வேண்டாம்.

நீங்கள் அச்சிட்ட குறிப்பேட்டை எடுத்து வைத்துவிடுங்கள். ஆளுக்கொரு நோட்டுப் புத்தகம் கொடுத்து, செய்தவற்றை அவரவர் சொல்லில் அவரவரே எழுதட்டும். “மூலையில் உள்ள மூன்று கோட்டைத் தொட வேண்டும்” என்று ஒருவர் எழுதியிருந்தார். எந்தக் கையேட்டையும்விட அவருக்கு அதுதான் தெளிவு.

கற்றுத்தருபவர்களும் இளைஞர்களாகவே இருக்க வேண்டியதில்லை. 1986இல் மேரி ஃபர்லாங் சான்பிரான்சிஸ்கோவில் தொடங்கிய சீனியர்நெட் அமைப்பில் முதியவர்களுக்கு முதியவர்களே கற்றுக்கொடுத்தார்கள். தன் வயதொத்தவரிடம் ஐந்தாம் முறை கேட்பதற்குக் கூச்சம் குறைவு. உங்களிடம் மிஞ்சியிருக்கும் 9 பேரில் இருவராவது அடுத்த அணிக்கு ஆசிரியர்களாக வரக்கூடியவர்கள். எங்கள் கணக்கர் இப்போது இரண்டாம் வரிசையைப் பார்த்துக்கொள்கிறார். ஒருவருடைய மவுஸையும் அவர் தொடுவதில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று வாயால் மட்டும் சொல்கிறார்.

ஜப்பானின் மசாகோ வகாமியாவைப் பற்றியும் அவர்களிடம் சொல்லுங்கள். வங்கிப் பணியிலிருந்து ஓய்வுபெறும் காலத்தில்தான் முதல் கணினியை வாங்கினார். வேகமாக விரலசைக்க வேண்டிய விளையாட்டுகளில் முதியவர்கள் இளையவர்களிடம் தோற்றுப்போவதைப் பார்த்து, நிதானமாக ஆடக்கூடிய ஹினாடான் என்ற செயலியைத் தானே எழுதி 2017இல் வெளியிட்டார். அப்போது அவருக்கு 81 வயது. அதே ஆண்டு ஆப்பிள் நிறுவனத்தின் மென்பொருள் மாநாட்டுக்கு அழைக்கப்பட்டார். எல்லாரும் செயலி எழுத வேண்டும் என்பதற்காகச் சொல்லவில்லை. தனக்கு என்ன தேவை என்று தெரிந்து கற்றவர் அவர் என்பதற்காகச் சொல்கிறேன்.

நிறுத்த வேண்டாம் என்று நிர்வாகிகளிடம் கேட்டுப் பாருங்கள். மீதமிருக்கும் இரண்டு வாரத்தில் பெரிய திரையை அணைத்துவிட்டு நீங்கள் நால்வரும் ஆளுக்கு இரண்டு மூன்று பேர் பக்கத்தில் உட்காருங்கள்.

அந்த அம்மாவின் எண் உங்கள் வருகைப் பதிவேட்டில் இருக்கும். இன்றைக்கே அழைத்துப் பேசுங்கள். வகுப்புக்கு வரச் சொல்லி வற்புறுத்தாமல், எதைச் செய்ய ஆசைப்பட்டு முதல் நாள் வந்தீர்கள் என்று மட்டும் கேளுங்கள். என் வகுப்பில் ஓர் அம்மா அதற்குச் சொன்ன பதில், “என் தங்கைக்கு நான் எழுதுவதை மகன் படித்துப் பார்த்து அனுப்ப வேண்டியிருக்கிறது. நானே அனுப்ப வேண்டும்” என்பது. உங்கள் வகுப்பு அம்மா என்ன சொல்கிறாரோ, வரும் சனிக்கிழமை அது ஒன்றுதான் அவருக்குப் பாடம். அவர் சொன்னதை எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்