எஞ்சினில் இரண்டாவது ஆள்

அன்புள்ள ஐயா,

சோமனூரில் தறிக்கூடம் வைத்திருக்கிறேன். அப்பா காலத்தில் ஒரு ஆள் இரண்டு தறி பார்த்தார். இப்போது ஆட்டோலூமில் ஒருவரே எட்டு, பத்து பார்க்கிறார். ஆஸ்திரேலியாவில் ஆளே இல்லாமல் கூட்ஸ் ரயில் ஓடுகிறதாம். இங்கே மட்டும் எஞ்சினில் இருவர், கடைசியில் கார்டு ஒருவர் எதற்கு?

வாசகர், சோமனூர்

அன்புள்ள நண்பருக்கு,

தறியை நீங்களே எடுத்துக்கொடுத்தீர்கள். ஊடை நூல் அறுந்தால் தறி தானாக நின்றுவிடும். போவது கொஞ்சம் துணி. சுமையேற்றிய கூட்ஸ் வண்டி பிரேக் போட்ட பிறகும் பல நூறு மீட்டர் ஓடித்தான் நிற்கும்.

ஆஸ்திரேலியச் செய்தி உண்மை. பில்பராவில் ரியோ டின்டோ நிறுவனம் 2018 முதல் அப்படி ஓட்டுகிறது. இரும்புத்தாதுக்கென்றே போட்ட சொந்தத் தடம், சுற்றிலும் ஆளரவமற்ற செம்மண். நமக்கோ பெரும்பாலும் கூட்ஸும் எக்ஸ்பிரஸும் ஒரே தண்டவாளத்தில். கோவையை ஒட்டிய மதுக்கரை தாண்டினால் யானை வேறு. நவக்கரை அருகே 2021 நவம்பரில் ரயில் மோதி மூன்று யானைகள் இறந்தன. 2024இல் அங்கே செயற்கை நுண்ணறிவுக் கேமராக்கள் வந்தன. யானையைக் கண்டு சொல்வது கேமரா, வேகத்தைக் குறைப்பது எஞ்சினில் இருப்பவர். இந்தப் பங்கீடு எனக்குப் பிடித்திருக்கிறது.

கார்டு விஷயத்தில் பாதி உங்கள் பக்கம் வருகிறேன். (2022இல் அவரை ‘ரயில் மேலாளர்’ ஆக்கினார்கள்; கடைசியில் அவர் உட்காரும் பிரேக் வேனின் குலுக்கல் அப்படியேதான் இருக்கிறது.) வண்டி அறுபடாமல் வருகிறதா, கடைசிப் பெட்டிவரை பிரேக் காற்று இருக்கிறதா என்பதையெல்லாம் ஒரு கருவி சொல்லிவிடும். நடுக்காட்டில் வண்டி நின்றால் பின்னாலிருந்து இறங்கிப் பார்ப்பது யார் என்பதற்கு மட்டும் பதில் வேண்டும்.

எஞ்சினில் இருவர் என்பதை விடமாட்டேன். ஒவ்வொரு சிக்னலையும் இருவரும் ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்லிக்கொள்வது சடங்கல்ல. ஒருவர் கண் அசந்தால் மற்றவர் குரல் எழுப்பும். கனடாவின் லாக்-மெகாந்திக் ஊருக்கு மேலே 2013 ஜூலையில் எண்ணெய் ரயிலைத் தனியாளாக ஓட்டிவந்தவர் அதை நிறுத்திவிட்டுப் போனார். போதுமான கைபிரேக்குகள் போடவில்லை. வண்டி தானாக உருண்டு ஊருக்குள் எரிந்தது. இறந்தவர்கள் 47 பேர். அமெரிக்கா 2024இல் பெரும்பாலான ரயில்களுக்கு இருவர் வேண்டுமென்று விதித்தது.

ஜம்முவின் கதுவாவைச் சொல்லி மடக்குவீர்கள். 2024 பிப்ரவரியில் ஜல்லி ஏற்றிய கூட்ஸ் அங்கிருந்து ஆளில்லாமல் எழுபது கிலோமீட்டர் ஓடி, பஞ்சாபில் மரக்கட்டை போட்டு நிறுத்தப்பட்டது. இருவர் முறை இருந்த நாடுதான் இது. ஆகவே தலையை எண்ணுவதோடு நிறுத்தாமல், அந்தத் தலைகள் முந்தின இரவு தூங்கினவா என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

உங்கள் கூடத்தில் பத்துத் தறி பார்ப்பவர் இரவு மூன்று மணிக்கு எப்படி இருக்கிறார்? அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.